ஹோர்ன்ஸ் ஃபெர்ரி: வுல்ஃப் தீவிலிருந்து கேப் வின்சன்ற் போன சின்னப் படகு

ரொறன்ரோவிலிருந்து சிரக்யூஸ் பக்கம் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொன்ன வழி இதுதான்: கிங்ஸ்ரனில் 401 நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சென்ற் லோறன்ஸ் ஆற்றிலுள்ள வுல்ஃப் தீவுக்குப் போய், அங்கிருந்து ஹோர்ன்ஸ் ஃபெர்ரி என்ற சின்னப் படகில் காரோடு அக்கரையில், அமெரிக்காவிலுள்ள கேப் வின்சன்றுக்குப் போங்கள். 2020இல் கொரோனாவோடு அது நின்றது. 2021 நவம்பரில் அமெரிக்கா தரை எல்லையைத் திறந்துவிட்ட பிறகும் படகு திரும்ப ஓடவில்லை. ஓடாத படகுக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்பீர்கள். சேவை சரியில்லாமல் நின்றிருந்தால் நான் எழுதப்போவதில்லை.

முதல் துண்டு ஒன்ராறியோ அரசாங்கத்தின் பெரிய ஃபெர்ரி, காசே இல்லை. கிங்ஸ்ரனிலிருந்து இருபது நிமிசம். தீவில் இறங்கினால் 95ஆம் இலக்கத் தெரு. இரண்டு பக்கமும் வைக்கோல் வயல்கள், மேலே 2009இலிருந்து சுற்றுகிற 86 காற்றாலைகள். தெரு முடிகிற இடம் பொயின்ற் அலெக்சாண்ட்ரியா. பெயரைப் பார்த்துப் பெரிய துறைமுகம் என்று நினைக்காதீர்கள். ஒரு இறங்குதுறை, ஒரு சின்னச் சுங்கக் கூடு, அவ்வளவுதான். ஹோர்ன்ஸ் ஃபெர்ரி ஓடின காலத்தில் முன்பதிவு இருக்கவில்லை, முதலில் வந்த கார் முதலில் ஏறும். மே தொடக்கம் ஒக்ரோபர் வரைதான் ஓடியது.

படகின் பெயர் வில்லியம் டாரல். பத்துப் பன்னிரண்டு கார் பிடிக்கும். துறையில் நிற்கிற பெடியன் கையைக் காட்டிக் காட்டி உங்களை முன்னுக்கு எடுப்பான். முன் காரின் பம்பருக்கும் உங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். பிறகு சில்லுக்கு அடியில் கட்டையைக் காலாலே தட்டி இறுக்குவான். நடுவழியில் வந்து காசு வாங்குவார்கள். பத்து நிமிசத்தில் சென்ற் லோறன்ஸ் ஆற்றைக் கடந்து வேற்று நாட்டில் நிற்பீர்கள். அம்மாவோடு போனபோது அவ காரை விட்டு இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "உது எங்கட ஊர்காவற்றுறைப் பாதை மாதிரியெல்லே கிடக்கு" என்றா. யாழ்ப்பாணத்தில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடுகிற மிதவைப் படகைத்தான் 'பாதை' என்போம்; அதில் ஏறினவர்களுக்கு அது எப்படிப்பட்ட பாராட்டு என்று தெரியும்.

1800களின் தொடக்க காலத்திலிருந்து ஒரே குடும்பம் ஓட்டிவந்த சேவை இது. எத்தனை தலைமுறை! அந்தக் கைப்பழக்கம் படகில் தெரிந்தது. கரையைத் தட்டாமல், நீரோட்டத்துக்குச் சற்றே சரித்துக் கொண்டுபோய், மெல்லச் சேர்ப்பார்கள். அம்மாவின் தேத்தண்ணி கூடச் சிந்தவில்லை.

எல்லைச் சோதனையில் ஏதாவது தளர்வு இருந்ததா? இல்லை. கேப் வின்சன்றில் இறங்கின உடனே அமெரிக்க அதிகாரி எல்லோருடைய பாஸ்போட்டையும் வாங்கி முகத்தோடு ஒத்துப் பார்த்தார், டிக்கியைத் திறக்கச் சொன்னார், கூலரைக் கிளறினார். மீன் பொரியலை விட்டுவிட்டு, பேப்பரில் சுற்றியிருந்த கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டார். புதுக் கறிவேப்பிலை அங்கே கொண்டுபோக முடியாது, எங்கள் ஆட்கள் கவனியுங்கள். பெரிய எல்லைப் பாலங்களில் என்ன பார்ப்பார்களோ அதையெல்லாம் அந்தச் சின்னக் கட்டடத்திலும் பார்த்தார்கள். 2009 ஜூனில் பாஸ்போட் அல்லது அதற்கு ஈடான ஆவணம் கட்டாயமானபோதும் படகு சமாளித்துக்கொண்டது.

சமாளிக்க முடியாமல் போனது கட்டடச் செலவு. கேப் வின்சன்ற் சோதனைச் சாவடியைப் புதிய பாதுகாப்புத் தரத்துக்கு மாற்ற வேண்டும், அதற்குப் படகுக்காரரே காசு போட வேண்டும். அமெரிக்காவில் தரை எல்லை நிலையங்களுக்கு மத்திய அரசு காசு போடும். துறைமுகம் என்றால் துறையை நடத்துகிறவர்தான் சோதனைக்கு இடமும் வசதியும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். மயாமியில் ஆயிரக்கணக்கான ஆட்களை இறக்குகிற உல்லாசக் கப்பலுக்கு அது சரி. பன்னிரண்டு காரோடு அரை வருசம் மட்டும் ஓடுகிற குடும்பத்தையும் அதே கணக்கில் போட்டால் எப்படித் தாங்குவார்கள்? பக்கத்தில் இதே ஆற்றைக் கடந்து அமெரிக்காவுக்குப் போகிற, 1938இல் திறந்த ஆயிரம் தீவுப் பாலம் இருக்கிறது. அதன் அமெரிக்கப் பக்கத்துச் சோதனை நிலையத்தை அண்மையில் மத்திய அரசு தன் காசில் புதிதாகக் கட்டிக் கொடுத்தது. அதே ஆறு, அதே எல்லை, அதே பாஸ்போட்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லையைக் காக்கிறது அரசாங்கத்தின் வேலை, அதன் செலவும் அரசாங்கத்தினுடையதுதான். கட்டணத்தைக் கூட்டி அந்தக் காசை எடுக்கவும் வழியில்லை; கூட்டினால் கார்கள் பாலத்துக்கே போய்விடும்.

சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. கிங்ஸ்ரனில் இருக்கிறவர்கள் உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள், நியூ யோர்க்கில் சொந்தம் இருந்தால் அவர்களைத் தங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதச் சொல்லுங்கள்.

இப்போதைக்குக் கேப் வின்சன்ற் போக: 401இல் கிங்ஸ்ரனையும் கனனோக்கையும் தாண்டி 661ஆவது வெளியேற்றம், 137ஆம் தெரு, பாலம். பாலத்துக்குக் காசு கட்ட வேண்டும். அக்கரையில் கிளேய்ரன் ஊடாக 12ஈ தெருவைப் பிடியுங்கள். கிங்ஸ்ரனிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம், நீண்ட வார இறுதி என்றால் பாலத்து வரிசைக்கு இன்னும் நேரம் ஒதுக்குங்கள்.