மூன்று மாதம் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? எஸ்இஓவும் தேடல் விளம்பரமும்

எஸ்இஓவா (விளம்பரம் இல்லாமல் தேடல் முடிவுகளில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை), கூகுள் ஆட்ஸா (காசு கொடுத்துத் தேடலில் விளம்பரம் போடுவது) என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் "இரண்டும் வேண்டும்". தப்பில்லை. ஆனால் கையில் ஒரே ஆள், ஒரே பட்ஜெட் என்று இருப்பவருக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. அதனால் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வருடக்கணக்கில் நடத்தப்போகிற தளம் என்றால் எஸ்இஓதான். அது இலவசம் என்பதற்காக அல்ல. எழுதுகிறவர் கூலியும் டெவலப்பர் நேரமும் காசில்லாமல் வருவதில்லை. நான் பார்ப்பது பராமரிப்பை.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். விளம்பரம் போட்ட அன்றே ஆள் வரும், பணம் நின்றால் வரத்தும் நிற்கும். எஸ்இஓவில் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. விளம்பரத்துக்குக் கொட்டும் பணம் இயல்பான ரேங்க்கை, அதாவது விளம்பரமல்லாத முடிவுகளில் உங்கள் இடத்தை, ஒரு படிகூட ஏற்றாது. விளம்பர இடத்துக்கான ஏலத்தில் அதிகம் கேட்டவருக்கே முதலிடம் என்பதும் இல்லை. விளம்பரத்தின் பொருத்தமும் கிளிக் செய்தவர் போய்ச் சேரும் பக்கமான லேண்டிங் பேஜின் தரமும் சேர்ந்தே கணக்கிடப்படும்.

இனி என் சோதனைக் கேள்வி: இரண்டையும் மூன்று மாதம் யாரும் தொடாமல் விட்டால் எது எப்படிக் கெடும்?

முதலில் விளம்பரக் கணக்கு. "வாட்டர் பியூரிஃபயர்" என்ற கீவேர்டை (விளம்பரம் வரவேண்டிய தேடல் சொல்) ஃபிரேஸ் மேட்சில் (அந்தப் பொருள் அடங்கிய நீண்ட தேடல்களுக்கும் விளம்பரம் வரும் முறை) போட்டு, இயந்திரம் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தெந்தத் தேடலுக்கு விளம்பரம் வந்தது என்று காட்டும் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்தால் காசு போன இடம் தெரியும்: "வாட்டர் பியூரிஃபயர் சர்வீஸ்", "பழைய வாட்டர் பியூரிஃபயர் விலைக்கு எடுப்பவர்", "வாட்டர் பியூரிஃபயர் எப்படி வேலை செய்கிறது". மூவருமே வாங்க வந்தவர்கள் அல்ல, ஆனால் மூன்று கிளிக்குக்கும் காசு போயிருக்கும். இவற்றை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் வரக்கூடாத சொற்களாக, சேர்க்க வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சாதாரணக் கீவேர்ட் ஒருமை, பன்மை, ஒரே பொருளுள்ள வேறு சொல் எல்லாவற்றையும் தானே இழுத்துக்கொள்ளும். அந்தச் சொல்லுக்கு மட்டும் என்று போடும் எக்ஸாக்ட் மேட்ச்கூட இப்போது அப்படித்தான். நெகட்டிவ் அப்படி இல்லை. ஒருமையைத் தடுத்தால் பன்மை உள்ளே வந்துவிடும், ஒவ்வொரு வடிவத்தையும் கையால் எழுத வேண்டும். போதாததற்கு, மிகச் சிலரே தேடிய சொற்களை 2020 முதல் கூகுள் அந்த ரிப்போர்ட்டில் காட்டுவதில்லை. காட்டுகிற வரிகளைக் கூட்டினால் மொத்தக் கிளிக் எண்ணிக்கை வராது. அந்த மீதிக் காசு எந்தச் சொல்லுக்குப் போனது என்று பார்க்க வழியில்லை.

இது வாராந்தர வேலை. புதுக் கணக்கு என்றால் முதல் இரண்டு வாரம் தினசரி வேலை.

விற்பனையை எண்ணும் நிரல் துண்டான கன்வர்ஷன் டேக் இதைவிட மோசமாகக் கெடும். டெவலப்பர், வாங்கி முடித்ததும் வரும் நன்றிப் பக்கத்தின் முகவரியை மாற்றுகிறார், அதை நம்பியிருந்த டேக் ஓடுவது நிற்கிறது. டார்கெட் சிபிஏ (ஒரு விற்பனைக்கு இவ்வளவு செலவு என்ற இலக்கு) வைத்து ஏலத்தைத் தானியங்கியிடம் விட்டிருந்தால், அது "விற்பனையே இல்லை" என்று முடிவு கட்டி ஏலத்தைக் குறைத்துக்கொண்டே போகும், வரத்து வற்றும். எதிர்ப்பக்கமும் உண்டு. வாடிக்கையாளர் நன்றிப் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யும்போதெல்லாம் டேக் ஓடினால் ஒரு விற்பனை இரண்டாகப் பதிவாகும். தானியங்கி குஷியாகி, உங்கள் லாபம் தாங்காத விலைக்கு ஏலம் கேட்கும். விசாரணைப் படிவம் என்றால் எண்ணும் முறையை 'ஒன்று' என்று வைப்பது, விற்பனை என்றால் ஆர்டர் எண்ணை டிரான்சாக்‌ஷன் ஐடியாக அனுப்புவது: இந்த இரண்டும் செய்தால் இரட்டைப் பதிவு நிற்கும். ஆனால் மூன்று மாதம் யாரும் பார்க்காத கணக்கில் இது நடக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது.

இவற்றோடு, முதலில் கவனிக்காமல் விட்ட செட்டிங்குகளும் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். இருப்பிடத் தேர்வு இயல்பாகவே "அங்கே இருப்பவர்கள் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டியவர்கள்" என்று இருக்கும். டெலிவரி செய்யும் பகுதிக்கு மட்டும் விற்பவர் இதை "அங்கே இருப்பவர்கள்" என்று மாற்றாவிட்டால் வெளியூர்க் கிளிக்குகளுக்கும் தண்டம் அழ வேண்டும். சர்ச் கேம்பெயினிலேயே டிஸ்ப்ளே நெட்வொர்க் (மற்ற தளங்களிலும் விளம்பரம் காட்டுவது) டிக் ஆகியிருக்கும். தினசரி பட்ஜெட் என்பதும் பெயருக்குத்தான். ஒரு நாளில் அதன் இரு மடங்கு வரை செலவாகலாம், மாதக் கணக்கில் 30.4 மடங்கைத் தாண்டாது என்பதுதான் உத்தரவாதம். பரிந்துரைகளைத் தானாக அமல்படுத்தும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் போடாத கீவேர்டுகள் உங்கள் கணக்கில் முளைத்திருக்கும்.

அதே மூன்று மாதம் தளத்தை விட்டுப்பாருங்கள். போட்டியாளர் ஒருவர் நல்ல பக்கம் போடுவார், நீங்கள் நான்கிலிருந்து ஆறுக்கு இறங்குவீர்கள். பக்கத்தில் உள்ள மாடல் விவரம் பழசாகும். தேய்மானம் உண்டு, ஆனால் மெதுவாக. எங்கே தேய்ந்தது என்பது, தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் 16 மாதக் கணக்காக அப்படியே இருக்கும். கவனிக்காத நாட்களுக்கு யாரும் பில் அனுப்பப்போவதில்லை.

பராமரிப்பு வேலையும் அளவானது. காலாண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்தால் போதும். சர்ச் கன்சோலில் கடந்த மூன்று மாதத்தைப் போன வருடத்தின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள், முந்தைய காலாண்டோடு அல்ல. இல்லையென்றால் சீசன் இறக்கத்தைப் பார்த்து வீணாகப் பதறுவீர்கள். பிறகு சராசரி இடம் 8 முதல் 15 வரை, இம்ப்ரெஷன் (முடிவுகளில் தோன்றிய தடவை) அதிகம் என்கிற தேடல் சொற்களைப் பிரியுங்கள். அந்தப் பக்கங்களில் தேடுபவர் கேட்கும் கேள்விக்கு நேரடிப் பதில் இல்லாத பகுதியை எழுதிச் சேருங்கள், தலைப்பைத் திருத்துங்கள், நன்றாக ஓடும் மூன்று நான்கு பக்கங்களிலிருந்து உள் இணைப்பு கொடுங்கள். முகவரியைத் தொடாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்புவது) போட்டுக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள். தேதியை மட்டும் மாற்றிப் புதுசாகக் காட்டுவது வேலைக்கு ஆகாது. ஒரே தேடலுக்கு உங்கள் இரண்டு பக்கங்கள் மாறி மாறி வந்தால், பலவீனமானதை மற்றதோடு சேர்த்துவிட்டு ரீடைரக்ட் செய்யுங்கள். விற்பனை நின்ற பொருட்களின் பக்கங்களை மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். கூகுள் அதைப் பக்கம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும்.

எஸ்இஓவிலும் ஒரே நாளில் கவிழ்க்கிற விபத்து உண்டு. சோதனைத் தளத்தில் போட்ட நோஇன்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே என்ற குறிப்பு) அப்படியே நேரடித் தளத்துக்கு வந்துவிடுவது அதில் முதல் ரகம். இன்னொன்று இதற்கு நேர் எதிர்: ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்க நோஇன்டெக்ஸ் போட்டுவிட்டு, தேடுபொறி எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் அதைத் தடுத்துவிடுவார்கள். உள்ளே வரவே விடாத கூகுள், உள்ளே ஒட்டிய நோட்டீஸை எப்படிப் படிக்கும்? பக்கம் தேடலில் நின்றுகொண்டேயிருக்கும். தளத்தில் எது மாறினாலும் அன்றே ஐந்தாறு முக்கியப் பக்கங்களைச் சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டுப் பார்த்துவிட்டால் இந்த இரண்டும் மாட்டிக்கொள்ளும்.

கோர் அப்டேட், அதாவது கூகுள் தன் தரவரிசை முறையைப் பெரிதாக மாற்றுவது, வேறு வகை. 2024 மார்ச் அப்டேட் முழுதாக இறங்க 45 நாள் ஆனது. அதில் அடிபட்டால் திருத்திய பிறகும் முழு மீட்சிக்கு அடுத்த கோர் அப்டேட் வரை காத்திருக்க நேரலாம். எஸ்இஓ பக்கம் சாய்கிற நானும் இதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். வருமானம் முழுவதும் ஒரே வழியில் வருகிறவருக்கு இது பெரிய ஆபத்துதான்.

தேடல் முடிவுகளில் கூகுள் காட்டும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்கள் விஷயத்திலும் என் சாய்வு கொஞ்சம் தளர்கிறது. 2024 மே முதல் அமெரிக்காவில் தொடங்கிப் பரவிய இந்தச் சுருக்கங்கள், "இது என்ன" ரகக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொல்லிவிடுகின்றன. அவற்றிலிருந்து வரும் கிளிக்குகளைச் சர்ச் கன்சோல் தனியாகப் பிரித்துத் தராமல் மொத்தத்தில் கலந்தே காட்டுகிறது. ஆகவே விளக்கப் பக்கங்களை நம்பி இன்று தொடங்குகிறவருக்கு நான் அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். "எதை வாங்கலாம்", "இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்" ரகப் பக்கங்களுக்குச் சொல்வேன்.

விளம்பரத்துக்கு உரிய இடம் எதை எழுதுவது என்று கண்டுபிடிக்கும் வேலை. பத்துக் கீவேர்டை எக்ஸாக்ட் மேட்சில் ஓட்டி, விற்பனை தருகிற சொல்லுக்கு மட்டும் பக்கம் எழுதினால் ஆறு மாத வீண் உழைப்பு மிச்சம். அவசரம் மட்டும் கூடாது. 100 பேரில் 2 பேர் வாங்குகிற நல்ல சொல்கூட முதல் 100 கிளிக்கில் ஒரு விற்பனையும் தராமல் போக ஏறக்குறைய 13 சதவீத வாய்ப்பு உண்டு. 150 கிளிக்கில் அது 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். அதுவரை பொறுங்கள்.

உங்கள் பிராண்ட் பெயருக்கே விளம்பரம் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இணைய விற்பனைத் தளமான ஈபே தன் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்திப் பார்த்த சோதனை 2015-ல் எகனாமெட்ரிக்கா ஆய்விதழில் வெளியானது. இழந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் இயல்பான முடிவுகள் வழியாகத் திரும்பி வந்தன. அது எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதை மறக்க வேண்டாம். போட்டியாளர் உங்கள் பெயரை ஏலம் எடுக்கிற துறையில் கணக்கு மாறலாம்.

பக்கம் முதல் மூன்று இடத்துக்குள் வந்ததும் விளம்பரத்தை மொத்தமாக நிறுத்துவது பலர் செய்கிற தவறு. கூகுள் ஆட்ஸைச் சர்ச் கன்சோலோடு இணைத்துவிட்டு, அந்த ஒரு கீவேர்டை மட்டும் இரண்டு வாரம் பாஸ் செய்யுங்கள். விளம்பரம், இயல்பானது இரண்டும் சேர்ந்த மொத்த விற்பனையை முந்தைய இரண்டு வாரத்தோடு ஒப்பிடுங்கள். மொத்தம் குறையவில்லையா, அப்படியே விட்டுவிட்டு அடுத்த கீவேர்டுக்குப் போங்கள். குறைந்ததா, திரும்ப ஓட்டிவிட்டு ஒரு காலாண்டு கழித்துப் பாருங்கள். தள்ளுபடி நாட்களோ விடுமுறையோ இல்லாத வாரங்களாகத் தேர்ந்தெடுங்கள். சர்ச் கன்சோல் எண்கள் இறுதியாக இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால், கணக்கை அதற்குப் பிறகே எடுங்கள்.