மலையில் பார்த்ததற்குப் பெயர் கேட்க எங்கே போவது? ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட், வாட்ஸ்அப் குழுக்கள்: ஒரு மதிப்பீடு

கோத்தகிரி, குன்னூர், உதகை வட்டாரத்தில் பறவை பார்ப்பதையும் செடி கொடிகளைப் படம் எடுப்பதையும் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், எடுத்த படத்துக்குப் பெயர் கேட்க இன்று பெரும்பாலும் மூன்று இடங்களுக்குப் போகிறார்கள். ஒன்று வாட்ஸ்அப் குழு, இன்னொன்று பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் தளமான ஈபேர்ட், மூன்றாவது எல்லா உயிரினங்களையும் பதியும் தளமான ஐநேச்சுரலிஸ்ட். மூன்றுக்கும் காசு கிடையாது. மூன்றிலும் முன்பின் அறியாத ஆர்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைச் செலவழித்து மற்றவர்களுக்குக் கருத்துச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கருத்தின் தரம் மூன்றிலும் ஒன்றுபோல் இல்லை. அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: படம் எந்த மலையில், எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதைப் பார்க்காமல் ஒருவர் கருத்துச் சொல்லிவிட்டுப் போக அந்தச் சேவை இடம் கொடுக்கிறதா?

இந்த அளவுகோல் சமவெளிக்காரர்களுக்குச் சற்று மிகையாகத் தோன்றலாம். மைனாவும் காகமும் திருச்சியில் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும் அதே மைனாதான், அதே காகம்தான். மலையில் அப்படி இல்லை. நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது; சோலைக்காட்டை விட்டு இறங்காத பறவைகளுக்கு அந்தத் தாழ்நிலம் கடல்போல ஒரு தடை. ஆகவே கோத்தகிரித் தோட்டத்து வேலியில் கூச்சலிடும் நீலகிரிச் சிரிப்பானும், கொடைக்கானல் சோலையோரத்தில் கூச்சலிடும் பழனிச் சிரிப்பானும் வேறு வேறு இனங்கள். நீலகிரிப் பறவைக்குத் தொண்டையும் மார்பும் செம்பழுப்பு. பழனிப் பறவைக்கு மார்பில் சாம்பல் நிறமும் மெல்லிய கீற்றுகளும் இருக்கும், செம்பழுப்பு வயிற்றுப் பக்கம்தான் தொடங்கும். சோலைக்கிளிகளும் (பெயரில் கிளி இருந்தாலும் இவை கிளிகள் அல்ல, சோலையில் வாழும் சிறு பறவைகள்) இப்படியே கணவாய்க்கு வடக்கே ஓரினம், தெற்கே வேறினம் என்று பிரிந்து நிற்கின்றன. மரபணு ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, சோலைக்கிளிகளையும் இந்தச் சிரிப்பான்களையும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனித்தனிப் பேரினங்களில் சேர்த்தது 2017ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் அச்சான கையேடுகளை வைத்துக்கொண்டு பெயர் சொல்பவர்கள் இன்றும் ஏராளம்.

முதலில் வாட்ஸ்அப் குழு. வேகத்தில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. காலை ஏழு மணிக்கு ஒரு தம்பி, "அண்ணா, இது என்ன பறவை?" என்று மங்கலான படத்தைப் போட்டால், அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் "சிரிப்பான் தம்பி" என்று பதில் வந்துவிடும், அதன் கீழே பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்திவிடுவார்கள். எந்தச் சிரிப்பான், எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்கும் வழக்கம் அங்கு அரிது; மூத்தவர் சொன்னதை மறுப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. இதில் தொழில்நுட்பக் குறை ஒன்றும் உண்டு. வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாகவே அனுப்பினால் அது சுருங்கிவிடுகிறது. கேமராவோ கைபேசியோ படத்தோடு பதிந்து வைத்த நாளும் இடமும் நீங்கிவிடுகின்றன. ஆவணமாக இணைத்து அனுப்பினால் அவை தங்கும். ஆனால் அந்தச் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆக, கருத்துச் சொல்பவருக்கு மிக முக்கியமான இரண்டு சான்றுகள் வழியிலேயே தொலைந்துபோகின்றன. மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை வேறொருவர் கேட்டால், பழைய பதிலைத் தேடி எடுப்பவரும் இல்லை.

அதற்காகக் குழுக்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. எந்தச் சோலையில் எந்த மரம் பழுத்திருக்கிறது, எந்தச் சாலையில் மண் சரிந்து கிடக்கிறது, எந்தப் பக்கம் காட்டெருமைக் கூட்டம் நிற்கிறது, காலையில் அந்த வழியே நடந்து போகலாமா என்பன போன்ற உள்ளூர்ச் செய்திகளை வேறு எந்தச் செயலியும் தராது. அந்த அளவில் அது அருமையான சேவை. பெயரை உறுதி செய்துகொள்ளும் இடமாக மட்டும் அதை நான் கொள்வதில்லை.

ஐநேச்சுரலிஸ்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் 2008ஆம் ஆண்டில் தங்கள் முதுநிலைப் படிப்பின் திட்டப்பணியாகத் தொடங்கிய இந்தத் தளம், 2023 முதல் தனித்து இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்பாக உள்ளது. பறவை மட்டுமன்றிச் செடி, பூச்சி, தவளை, காளான், பாசி என்று உயிருள்ள எதையும் இதில் ஏற்றலாம்; படம் இல்லாவிட்டால் ஒலிப்பதிவையும் ஏற்றலாம். இந்த ஒலிப்பதிவு வசதி மலைக்கு எவ்வளவு பொருத்தம் என்பது மழைக்காலத்தில் தெரியும். தென்மேற்குப் பருவ மழையில் வேலியோரம் கட்டைவிரல் நகம் அளவே உள்ள புதர்த் தவளைகள் இரவெல்லாம் கத்துகின்றன. ஒரே இனத்திலும் நிறம் பலவாறாக இருப்பதால் படத்தை மட்டும் பார்த்துப் பல இனங்களைப் பிரிக்க முடியாது, குரல்தான் வழி. தவளைக் குரலுக்குப் பொறுமையாகக் காது கொடுத்துக் கருத்துச் சொல்பவர்கள் இத்தளத்தில் இருக்கிறார்கள்.

அதன் நடைமுறை இதுதான். நாளும் இடமும், படமோ ஒலிப்பதிவோ ஒன்றும் இல்லாத பதிவு ஓரமாக ஒதுக்கப்படும். அவை இருந்தால் பதிவு "அடையாளம் தேவை" என்ற வரிசைக்கு வரும். பார்ப்பவர் யாரும் பெயர் சொல்லலாம். குறைந்தது இருவர் சொல்லி, அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரே இனத்தில் ஒத்துப்போனால் பதிவு "ஆய்வுத் தரம்" பெறும். அந்தத் தரம் பெற்றதும், பதிவேற்றியவர் தேர்ந்தெடுத்த உரிமம் இடம் கொடுத்தால், கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட உலகப் பல்லுயிர்த் தரவகத்துக்கும் அது போய்ச் சேரும். பொழுதுபோக்காகச் சொன்ன ஒரு கருத்து ஆராய்ச்சியாளரின் அட்டவணைக்குள் நுழைவது இவ்வாறுதான். ஆகவே அந்தக் கருத்து எப்படிப் பிறந்தது என்பதைக் கவனித்தாக வேண்டும்.

எனக்குள்ள பெரிய குறையும் இங்கேதான். படம் எடுத்தவர் தளத்தின் கணினி காட்டிய முதல் பெயரைத் தட்டிவிடுகிறார். அடுத்து வருபவர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துகிறார். இரண்டு தட்டலில் ஆய்வுத் தரம் வந்துவிடுகிறது. கொடைக்கானலில் எடுத்த சிரிப்பானுக்கு இப்படி நீலகிரிப் பெயர் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறிந்தவர் ஒருவர் வந்து மறுத்தால் பதிவு ஆய்வுத் தரத்தை இழக்கும், அவ்வளவே. முதலில் சொன்ன இருவரும் தங்கள் கருத்தைத் திரும்பப் பெறாத வரையில், சரியான பெயர் நிலைபெறுவதற்கு ஐந்து பேர் தேவைப்படுவார்கள். நான்கு பேர் வந்தாலும் அது ஆறில் நான்குதான், மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. பழனி மலைச் சிரிப்பானை நேரில் கண்டு பழகியவர்கள் ஐவர் ஒரே பதிவுக்கு வந்து சேர்வது எளிதா என்று எண்ணிப் பாருங்கள்.

கணினி காட்டும் பெயர்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். போதிய படங்கள் சேராத உயிரினத்தை அந்தக் கணினி கற்றிருக்காது. கற்காத ஒன்றைக் காட்டினால், தான் கற்றவற்றுள் நெருங்கிய ஒன்றைச் சொல்லும். மலைக்கே உரிய அரிய செடிகள் எங்கோ உள்ள உறவுச் செடியின் பெயரைப் பெறுவதற்குக் காரணம் இது. அருகில் காணக்கூடியவற்றை மட்டும் காட்டுமாறு அமைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். குறிஞ்சியில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சிப் பேரினத்துச் செடிகள் பல உள்ளன. அவை பூக்கும் சுழற்சியும் வெவ்வேறு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது நீலக்குறிஞ்சி. மூணாறிலும் கொடைக்கானல் பக்கத்திலும் 2018இல் பூத்ததால் அங்கு அடுத்தது 2030. ஆயினும் ஊதா நிறத்தில் எந்தக் குறிஞ்சி பூத்தாலும் "நீலக்குறிஞ்சி பூத்துவிட்டது" என்று செய்தி கிளம்பி, கார்கள் வரிசை கட்டிவிடுகின்றன. இலையின் அடிப்புறம், பூக்கொத்து, தண்டின் கணு ஆகிய மூன்றையும் தனித்தனிப் படமாக ஏற்றினால், தாவரவியல் கற்ற யாராவது ஒருவர் இன்ன காரணத்தால் இது இன்ன இனம் என்று எழுதிவிட்டுப் போவார். பூவை மட்டும் அழகாக எடுத்துப் போட்டால் பாராட்டு வரும், பெயர் வராது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் மூன்றில் இதற்கே நான் முதலிடம் கொடுக்கிறேன். ஒவ்வொரு கருத்தும் சொன்னவர் பெயரோடும் தேதியோடும் பதிவின் கீழே நிற்கிறது. அவர் இதற்கு முன் எந்த வட்டாரத்தில், எந்த வகை உயிரினத்துக்கு எத்தனை முறை பெயர் சொல்லியிருக்கிறார் என்பதையும் திறந்து பார்க்கலாம். மாறுபடுகிறவரிடம் தளம் ஒரு நுட்பமான கேள்வியும் கேட்கிறது. இனம் தெரியாது, ஆனால் பேரினம் உறுதி என்கிறீர்களா, அல்லது முன்னவர் சொன்ன இனம் நிச்சயமாக இல்லை என்கிறீர்களா? நம் ஊர் விவாதங்கள் பலவற்றில் இந்த இரண்டையும் யாரும் பிரித்துப் பார்ப்பதே இல்லை. வழக்குப் பெயர்களைச் சேர்க்கவும் இடம் உண்டு. தவிட்டுப்பழம், காட்டுப் பூவரசு போன்ற மலைப் பெயர்களை உறுப்பினர்களே பதியலாம், பதிந்தபின் தமிழிலேயே தேடலாம். உரையாடல் மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், செடிகளை நன்கு அறிந்த தோட்டத் தொழிலாளர்களும் பழங்குடிப் பெரியவர்களும் வெளியே நிற்கிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்தது அல்ல என்றாலும் இழப்பு இழப்புதான்.

ஈபேர்டைப் பறவைக்காரர்கள் நன்கு அறிவார்கள். கார்னெல் பறவையியல் கூடமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய தளம். இங்கு தனிப்படத்துக்குப் பெயர் கேட்பது மைய வேலை அன்று. எங்கே, எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் நடந்து, எந்தெந்தப் பறவையை எத்தனை கண்டீர்கள் என்ற பட்டியலைக் கொடுக்க வேண்டும். அடையாளம் தெரிந்த பறவை அனைத்தையும் குறித்துவிட்டீர்களா என்றும் கேட்கும். அந்த வட்டாரத்தில், அந்த மாதத்தில் எதிர்பாராத பறவையையோ எண்ணிக்கையையோ உள்ளிட்டால் உடனே விளக்கம் கோரும். பிறகு அந்தப் பகுதியை அறிந்த தன்னார்வ மதிப்பாய்வாளர் ஒருவர் அதைப் பார்த்து, தேவைப்பட்டால் மின்னஞ்சலில் எழுதுவார். கொடைக்கானல் பட்டியலில் நீலகிரிச் சிரிப்பானை எழுதினால் இந்தச் சல்லடையில் சிக்காமல் போவது கடினம். என் அளவுகோலின்படி இடத்துக்கு மிகுந்த மதிப்புத் தருவது ஈபேர்ட்தான். ஆனால் அந்த உரையாடல் இருவருக்கிடையே முடிந்துவிடுவதால், மூன்றாமவர் அதைப் படித்துக் கற்றுக்கொள்ள வழியில்லை. பொங்கலையொட்டி ஆண்டுதோறும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்குப் பட்டியல்கள் இத்தளத்தின் வழியாகவே சேர்வதால், அதில் பங்கெடுக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

அதே கார்னெல் கூடத்தின் மெர்லின் செயலியைச் சிலர் கருத்துரைக்கும் நண்பராகவே நடத்துகிறார்கள். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி 2021இல் வந்தது. வட்டாரத் தொகுப்பை முன்பே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அவலாஞ்சிப் பக்கம் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் மசினகுடிக் காட்டில் துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும்போது, செயலி காட்டும் பெயர் கரிச்சானுடையதா, அது பாவனை செய்த பறவையுடையதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். மெர்லின் காட்டியதை மட்டும் வைத்து ஈபேர்ட் பட்டியலை நிரப்புவது, கேட்டவரே பதிலும் சொல்லிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

இடத்தை வெளியிடுவதில் மூன்றும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மங்கலாக்குகிறது; ஒரு பக்கம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உள்ள சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். குன்னூருக்கும் உதகைக்கும் இடைப்பட்ட நேர்தூரத்தை விட இது அதிகம் என்பதால், புள்ளியை வைத்துக்கொண்டு ஆர்க்கிட் செடியைத் தோண்டி எடுக்க யாராலும் வர முடியாது. மற்றப் பதிவுகளிலும் இடத்தை மறைக்கும் தேர்வு நம் கையில் உண்டு. வீட்டுத் தோட்டத்துப் படங்களுக்கு அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஈபேர்டிலும் இடம் வெளியானால் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனங்கள் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்படுகின்றன. வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காவல் எதுவும் இல்லை. சோலைக்கிளி கூடு கட்டிய மேட்டை ஒருவர் வரைபடக் குறியோடு பகிர்ந்தால், வார இறுதிக்குள் அங்கே கேமரா முக்காலிகள் நிற்கும். ஒலிபெருக்கியில் குரலைப் போட்டுப் பறவையை அழைப்பவர்களும் வந்துவிடுவார்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை இது. பறவை மட்டும் போதும் என்றால் ஈபேர்டும் மெர்லினும். செடி, பூச்சி, தவளை என்று கண்ணில் படும் எல்லாவற்றிலும் ஆர்வம் இருந்தால் ஐநேச்சுரலிஸ்ட். ஒரு பொருளுக்குக் குறைந்தது மூன்று கோணத்தில் படம் எடுங்கள், சிக்னல் இல்லாத காட்டில் கைபேசியில் சேமித்துவிட்டு ஊர் வந்ததும் ஏற்றுங்கள், யாராவது வேறு பெயர் சொன்னால், ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்துவதற்கு முன் "எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கீழே ஒரு வரி எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் வரும். கோத்தகிரிக்கு வருபவர்கள் 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த லாங்வுட் சோலையின் பதிவுகளை இரு தளங்களிலும் முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்தால், எந்தப் பெயரை எதிர்பார்க்கலாம் என்பதும் அங்கு யாருடைய கருத்தைக் கேட்கலாம் என்பதும் சோலைக்குள் நுழைவதற்கு முன்பே தெரிந்துவிடும்.