நாசிக் ஒயின் டேஸ்டிங்: காசு கொடுத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் சனி ஞாயிறில் வேண்டாம். 1999இல் சுலா என்ற ஒயின் நிறுவனம் தொடங்கிய பிறகு நாசிக்கைச் சுற்றி வரிசையாக ஒயினரிகள் வந்துவிட்டன. நாங்கள் போனது அதில் நடுத்தர அளவுள்ள ஒன்று. கொஞ்சம் திட்டவும் போகிறேன் என்பதால் பேர் சொல்லவில்லை.

முதலில் நல்லது. அங்கே பிப்ரவரி அறுவடைக் காலம், பழம் கொடியிலேயே இருந்தது. கூட்டிப்போன பையன் ஒரு கறுப்பு ஷிராஸ் பழத்தை உள்ளங்கையில் பிதுக்கிக் காட்டினான், சாறில் நிறமே இல்லை! ரெட் ஒயினுக்கு நிறமும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் (டானின் என்பது அதுதான்) தோலில் இருந்து வருகிறது, அதனால் தோலோடு சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள். சில மணி நேரம் மட்டும் தோலை ஊறவிட்டு எடுத்தால் ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். ஒயிட் ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து தோலை முதலிலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

ஒயினின் பாடி (வாயில் தெரியும் கனம்) என்றால் என்ன என்பதற்கு அவன் விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை, சாவிஞோன் பிளாங்க் என்ற ஒயிட்டையும் காபர்நே சாவிஞோன் என்ற ரெட்டையும் அடுத்தடுத்து குடிக்கச் சொன்னான், அவ்வளவுதான். ஆடை எடுத்த பாலும் எருமைப் பாலும் மாதிரி, வாயில் கனம் வேறு. ஆல்கஹால் கூடக் கூட அந்தக் கனமும் கூடும் என்பதால் லேபிளைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம்: 12.5 சதவீதத்துக்குக் கீழே லைட், 13.5க்கு மேலே ஃபுல் பாடி, நடுவில் இருப்பது மீடியம். பழ வாசனை தூக்கலாக இருந்தால் இனிப்பு ஒயின் என்று நினைத்துவிடாதீர்கள், சர்க்கரை துளிகூட இல்லாமலும் அந்த வாசனை வரும்.

கொடுத்த காசுக்கு எனக்குப் பிடித்தது ஸ்பார்க்லிங் (குமிழி விடும் ஒயின்) பகுதிதான். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை புளிக்க வைக்கிறார்கள், குமிழி அங்கேதான் பிறக்கிறது. செத்த ஈஸ்ட் அடியில் தங்கும் என்பதால் மரச் சட்டத்தில் பாட்டில்களைத் தலைகீழாகச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வர, கசடு எல்லாம் கழுத்துக்கு வந்துவிடும். அப்புறம் கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், கசடு பனிக்கட்டியாகத் தெறித்து வெளியே விழுகிறது. குறைந்த அளவை நிரப்பும்போது சேர்க்கும் சர்க்கரைதான் பெயரை முடிவு செய்கிறது: லிட்டருக்கு 12 கிராமுக்குள் ப்ரூட், 12 முதல் 17 வரை எக்ஸ்ட்ரா டிரை, 32 முதல் 50 வரை டெமி செக். ஆமாம், எக்ஸ்ட்ரா டிரை என்பது ப்ரூட்டைவிட இனிப்பு. கடையில் ஏமாறாமல் இருக்க இதைத் தெரிந்துகொண்டால் போதும். ப்ளாங்க் த நுவார் என்று போட்டிருந்தால் கறுப்புப் பழத்தில் செய்த வெள்ளை என்று அர்த்தம், அந்த ஷிராஸ் பழத்தைப் பார்த்த பிறகு இது புரியாமல் போகாது.

இனி திட்டு. எல்லா ஸ்பார்க்லிங்கையும் அந்தப் பையன் ஷாம்பெயின் என்றே சொன்னான். பிரான்ஸில் ஷாம்பெயின் பகுதியில் செய்தால்தான் அந்தப் பெயர். ஸ்பெயினில் கவா, இத்தாலியில் ப்ரொசெக்கோ, பெரும்பாலான ப்ரொசெக்கோவுக்குக் குமிழி பாட்டிலில் இல்லாமல் பெரிய டாங்கில் உருவாகும். பயிற்சி கொடுப்பவர்கள் இதைக்கூடச் சொல்லித் தர மாட்டார்களா? அகன்ற கோப்பையில் ஊற்றியதால் குமிழி ரெண்டு வாய்க்குள் காணாமல் போனது. ரெட் ஒயினோ மதிய வெயிலில் வெதுவெதுப்பாகவே வந்தது. ரெட்டை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்றால் 16, 18 டிகிரி என்று பொருள், நாசிக் மதியம் அல்ல. சூடானால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். ஐஸ் வாளி கேட்டேன், பத்து நிமிஷம் வைத்ததும் அதே ஷிராஸ் வேறு ஆளாகிவிட்டது.

சீஸ் தட்டு விலைக்குத் தகுதியில்லை, விட்டுவிடுங்கள். காலை முதல் டூரில் போனால் கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். வண்டி ஓட்டுபவர் குடிக்கக் கூடாது, அதனால் டாக்சி பேசிக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்துக்குப் பாட்டில் எடுத்துப் போவதாக இருந்தால் அந்த ஊர் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.