வேதியியல் பரிசோதனைப் பெட்டி: சரக்கு பரவாயில்லை, கையேடு வேண்டாம்

காரைக்குடியில் வீட்டிலேயே ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அமிலம், காரம், இடப்பெயர்ச்சி வினை எல்லாவற்றையும் பலகையில் எழுதியே ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்க்கட்டுமே என்று ஆன்லைனில் ஒரு பரிசோதனைப் பெட்டி வாங்கினேன். விலை 1,300 ரூபாய்க்குப் பக்கம். கம்பெனி பெயர் வேண்டாம்.

பெட்டியில் உருப்படியானவை இரண்டு: மயில்துத்தமும் (காப்பர் சல்பேட், நீலப் படிகம்), காரத்தை நிறத்தால் காட்டும் பினாப்தலீனும். மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியைப் போட்டு அரை மணி நேரம் விட்டால் ஆணியில் செந்நிறமாகச் செம்பு படிகிறது, நீலமும் வெளிற ஆரம்பிக்கிறது. ஆணியை முதலில் உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள், துரு இருந்தால் சரியாகப் படியாது. "வெள்ளிக் கொலுசைப் போட்டாலும் இப்படி ஆகுமா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆகாது. உலோகங்களின் வினைதிறன் வரிசையில் மேலே இருப்பதுதான் கீழே இருப்பதைக் கரைசலிலிருந்து வெளியேற்றும்; இரும்பு செம்புக்கு மேலே, வெள்ளி செம்புக்குக் கீழே. அந்த வரிசையை மனப்பாடம் செய்ய மறுத்தவர்கள் அன்று தாங்களே புத்தகத்தைத் திறந்து தேடினார்கள்.

பினாப்தலீனும் அப்படித்தான். துணி துவைக்கும் சோடா கலந்த நீரில் இரண்டு சொட்டு விட்டால் நல்ல ரோஸ் நிறம். அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் நிறம் வெளிறும், பிறகு ஒரு சொட்டில் சுத்தமாகப் போய்விடும். அந்தச் சொட்டுக்காகப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் இந்தக் கையேடு அவர்களை அப்படி நிற்க விடாது. ஒவ்வொரு சோதனைக்கும் மேலேயே தடித்த எழுத்தில் விடையைப் போட்டிருக்கிறார்கள். நிறம் மாறும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் யார் குழாயைப் பார்ப்பார்கள்? பார்க்க வேண்டிய இடத்திலோ பாதியில் நிறுத்திவிடுகிறது. ஆப்ப சோடாவில் வினிகர் ஊற்றினால் நுரை பொங்கும் என்பதோடு சரி. குழாயைப் பிடித்திருந்த பையன்தான் "மிஸ், சில்லுன்னு இருக்கு" என்றான். வெப்பக்கொள் வினைக்கு, அதாவது வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் வினைக்கு, இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? கையேட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, பெட்டியில் வெப்பமானியும் இல்லை.

சுண்ணாம்பு நீரிலும் இதே கதை. உறிஞ்சுகுழலால் ஊதினால் பால் போல் கலங்கும், அதோடு கையேடு முடிந்தது. விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் கலங்கல் மெல்லத் தெளியும். நீரில் கரையாத கால்சியம் கார்பனேட், மேலும் கார்பன் டை ஆக்சைடு சேரச் சேர, கரையும் பைகார்பனேட்டாக மாறுவதுதான் காரணம். (ஊதத்தான் வேண்டும், உறிஞ்சிவிடக் கூடாது. பெரியவர் யாராவது பக்கத்தில் இருங்கள்.)

எனக்குக் கோபமே வந்தது வேறு இடத்தில். மயில்துத்தத்தைச் சூடாக்கினால் படிகத்தில் இருக்கும் நீர் போய் வெள்ளைத் தூளாகும், ஆறியபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலமாகும். அருமையான சோதனை, கையேட்டிலும் இருக்கிறது. ஆனால் பெட்டியில் கொடுத்திருப்பது பிளாஸ்டிக் சோதனைக்குழாய்! அதை விளக்கில் காட்டினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. மதுரையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையிலிருந்து கண்ணாடிக் குழாய் வரவழைத்துத்தான் செய்தேன். மயில்துத்தம் வயிற்றுக்குள் போனால் விஷம் என்ற எச்சரிக்கையும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும். எட்டு வயது முதல் என்று அட்டையில் போட்டு விற்கிற பொருளுக்கு இது போதுமா? பாதுகாப்புக் கண்ணாடி நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும்.

வினிகர், ஆப்ப சோடா, படிகாரம், சிட்ரிக் அமிலம் எல்லாம் குட்டி டப்பாக்களில் பெட்டியை நிரப்பத்தான். மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைப்பவை அவை. அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் லிட்மஸ் தாள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மஞ்சள் தூளைக் குழைத்துத் தாளில் தடவிக் காயவைத்தால் காரத்துக்குச் செம்பழுப்பாக மாறும், அமிலத்துக்கு மட்டும் அது உதவாது.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுப்பேன். பத்தாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெட்டியை விட்டுவிட்டு மயில்துத்தம், பினாப்தலீன், நாலு கண்ணாடிக் குழாய், ஒரு வெப்பமானி என்று தனித்தனியாக வாங்குங்கள். சின்னப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்குவதாக இருந்தால், மயில்துத்த டப்பாவை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டுக் கொடுங்கள்.