யார் சேர்த்த சொல் இது? வாட்ஸ்அப், மூடில், கூகுள் ஷீட்: ஓர் ஒப்பீடு

இரண்டாம் ஆண்டு தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு குழு வேலை கொடுப்பேன். அவரவர் ஊரில் புழங்கும் தொழில்சொற்களைத் திரட்டி, பொருளும் பயன்படும் இடமும் எழுதித் தர வேண்டும். போன ஆண்டு வகுப்பில் 46 பேர். ஐந்தைந்து பேராக எட்டுக் குழு, ஒன்பதாவது குழுவில் மட்டும் ஆறு பேர். மதுரைப் பக்கத்துக் கல்லூரி என்பதால் பரமக்குடி, அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகள், கண்மாய்ப் பாசன ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். சொல்லுக்குப் பஞ்சமில்லை. வந்த சொல்லை எங்கே போட்டு வைப்பது என்பதில்தான் மூன்று ஆண்டுகள் தடுமாறினேன்.

முதல் ஆண்டு வாட்ஸ்அப் குழு, அடுத்த ஆண்டு கல்லூரியின் மூடில் என்ற இணையவழிக் கற்பித்தல் தளம், அதற்கடுத்து கூகுள் ஷீட் என்ற இணைய விரிதாள். இப்போது ஷீட்டில்தான் நிற்கிறேன், வேறு எதற்கும் மாறும் எண்ணம் இல்லை. ஆகவே கீழே வருவதை நடுநிலை அறிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாட்ஸ்அப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எல்லோர் கையிலும் இருக்கிறது, யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நாளைக்கு வகுப்பு இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாமாம். எனக்கு ஒரு வகுப்புக்கே காது அடைத்துவிட்டது. முதல் ஆண்டுச் சொற்கள் எல்லாம் அதில்தான் வந்தன. சிலர் தட்டச்சு செய்தார்கள், சிலர் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டார்கள், சிலர் பாட்டியையே பேசச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினார்கள். நடுநடுவே ‘சரிங்க ஐயா’, கும்பிடும் கை, பிறந்தநாள் கேக். பருவ முடிவில் உட்கார்ந்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தால், கண்மாயில் மிகை நீர் வெளியேறும் இடத்துக்கான சொல் ஒரு நாள் ‘கலுங்கு’, இன்னொரு நாள் ‘கலிங்கு’, மற்றொரு நாள் ‘மறுகால்’ என்று தனித்தனியாகக் கிடந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாணவர் ஒருவர்கூட இல்லை. கூடிச் செய்த வேலை என்று அதைச் சொல்ல முடியாது. எல்லோரும் தனித்தனியாக என்னிடம் கொட்டிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். சில குரல் பதிவுகளை நான் உடனுக்குடன் இறக்கி வைக்காமல் விட்டு, பின்னால் தேடிக் கிடைக்காமல் போனது தனிக்கதை. அதில் குற்றம் என்னுடையது.

இன்னொன்றும் உண்டு. சாதாரணக் குழுவில் சேர்ந்தால் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளின் வீட்டில் இதற்குக் கேள்வி வரும், வருவதில் நியாயமும் இருக்கிறது. பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் கம்யூனிட்டி வசதியின் அறிவிப்புக் குழுவில் எண்கள் மறைந்திருக்கும். ஆனால் அங்கே நிர்வாகிதான் செய்தி போட முடியும். பிள்ளைகள் தாமாகப் பேச்சைத் தொடங்க முடியாத இடத்தில் குழு வேலை எப்படி நடக்கும்?

மூடில் வேறு வார்ப்பு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கியது. முதல் பதிப்பு 2002-இல் வந்தது. கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. குழு வேலைக்கு அதில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. ஒப்படைப்பைக் குழுவின் பெயரிலேயே வாங்கலாம். ஐவரில் ஒருவர் கோப்பை ஏற்றினால் ஐவரும் கொடுத்ததாகக் கணக்கு, போடும் மதிப்பெண்ணும் ஐவருக்கும் போய்ச் சேரும், வேண்டுமென்றால் ஆளுக்கு ஆள் மாற்றியும் போடலாம். உள்ளேயே விக்கி, அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் பக்கங்கள், இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தை யார் எப்போது திருத்தினார் என்ற வரலாறும் கிடைக்கும். கூகுளின் இணைய வகுப்பறையான கிளாஸ்ரூமில் இப்படி குழுவாக ஒப்படைக்க நேரான வழி எதுவும் என் கண்ணில் படவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மூடிலுக்கே என் ஓட்டு.

ஆனால் மூடிலுக்கு ஒரு சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். புதுப்பிப்பு, காப்புப்படி, இடப்பற்றாக்குறை எல்லாம் அந்த ஆளின் தலையில். எங்கள் கல்லூரியில் அதை நிறுவியவர் கணினித் துறையில் இருந்த இளைஞர். வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அகமதிப்பீடு நடக்கும் வாரத்தில் தளம் படுத்துவிட்டது. கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நாலு நாள் ஆயிற்று. மென்பொருளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்தில் மூடில் எப்படி ஓடும் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை, நான் பார்த்தது ஒரே ஒரு பருவம். மைக்ரோசாஃப்ட் டீம்ஸைக் கொரோனாக் காலத்தில் பாடம் நடத்த மட்டும் தொட்டிருக்கிறேன். ஆகவே அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, ஷீட்டுக்கு வருவோம்.

ஒரே ஒரு விரிதாள். சொல், பொருள், ஊர், தொழில், எடுத்துக்காட்டு வாக்கியம் என ஐந்து பத்திகள். ஒன்பது குழுக்களும் அதிலேயே எழுத வேண்டும். நூறு பேர் வரை ஒரே நேரத்தில் திருத்தலாம் என்பதால் 46 பேர் அதற்குப் பாரமே இல்லை. முதல் வாரத்திலேயே வாட்ஸ்அப்பில் ஒரு பருவம் முழுக்க நடக்காதது நடந்தது. ‘கலுங்கு’ என்று ஒருவர் எழுதிய கட்டத்தில் இன்னொருவர் கருத்துரை போட்டார்: “எங்க ஊர்ல கலிங்குன்னுதான் சொல்லுவாங்க.” அதற்குக் கீழே தென்காசிப் பக்கத்துப் பையன்: “எங்க பக்கம் மறுகால்.” அதற்குக் கீழே, இது மூன்றும் ஒன்றுதானா, இல்லை அமைப்பில் வேறுபாடு உண்டா என்று ஏழெட்டு வரி வாக்குவாதம். நான் வகுப்பில் தொண்டை கிழியக் கேட்டிருந்தாலும் இந்தப் பேச்சு வந்திருக்காது.

தமிழில் தட்டச்சு செய்வதில் பெரிய தொந்தரவு இல்லை. கைப்பேசி விசைப்பலகையே போதும். ஒரு குழு மட்டும் டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் அடித்து வாங்கி வந்து ஒட்டியது. ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறிவிட்டது. எல்லாக் கருவியும் படிக்கும் பொது எழுத்துமுறையான யூனிகோடு என்ற சொல்லை அன்றைக்குத்தான் அவர்கள் முதன்முறை கேட்டார்கள்.

இதெல்லாம் உப வசதி. நான் ஷீட்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, பதிப்பு வரலாறு.

குழு வேலை கொடுக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த தலைவலிதான். ஐவரில் இருவர் உழைப்பார்கள், ஒருவர் பேர் மட்டும் கொடுப்பார், ஒருவர் கடைசி நாள் அட்டை போட்டுக் கொண்டுவருவார், ஒருவரைப் பார்க்கவே முடியாது. ஐவருக்கும் ஒரே மதிப்பெண். உழைத்த பிள்ளை நம்மைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினார் என்று தெரியும், யார் திருத்தினார் என்று தெரியாது. மூடிலில் ஏற்றியவர் பெயர் தெரியும், அந்தக் கோப்புக்குள் யார் என்ன எழுதினார் என்று தெரியாது. விக்கியில் எழுத வைத்தால்தான் உண்டு. ஷீட்டில் ஒவ்வொரு மாற்றமும் யார் பெயரில், எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று நிறம் பிரித்துக் காட்டும். ஒரு கட்டத்தின் மேல் வலது சொடுக்குப் போட்டுத் திருத்த வரலாற்றைக் கேட்டால், அந்தக் கட்டத்தில் முன்பு என்ன இருந்தது, யார் மாற்றினார் என்று பின்னோக்கி நடக்கலாம்.

ஒரு தடவை இதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஒருவர் முதல் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்திவிட்டார். சொற்கள் ஒழுங்காக நின்றன, பொருள்கள் நின்ற இடத்திலேயே நின்றன. தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் ‘நாடா’வுக்கு நேரே ‘வடக்கிலிருந்து வீசும் காற்று’ என்று இருந்தது. வாடைக்கு உரிய பொருள் அது. ஏறக்குறைய நானூறு வரி. வரலாற்றைத் திறந்து முந்தின நாள் இரவுப் பதிப்புக்குத் திரும்பினோம், இரண்டு நிமிடம்.

ஆனால் இந்த வரலாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதில் நானும் ஏமாந்திருக்கிறேன். முதல் தவறு, இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று திறந்துவிட்டது. கணக்கில் நுழையாமல் வந்தவர்கள் எல்லாம் அநாமதேய விலங்குகளாகத் தோன்றினார்கள். நரி, ஆமை, பெயர் தெரியாத இன்னும் என்னென்னவோ. வரலாற்றில் யாருக்கும் பெயர் இல்லை. ஒரு வார உழைப்பு யாருடையது என்று தெரியாமல் போயிற்று. அப்புறம் ஒவ்வொருவரின் மின்னஞ்சலையும் சேர்த்து, அவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். 46 முகவரி சேர்ப்பது ஒரு மாலை வேலை; அதை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது இன்னும் மோசம். அருப்புக்கோட்டைக் குழு 112 சொற்கள் சேர்த்திருந்தது, வகுப்பிலேயே அதிகம். பாவு, ஊடை, தார், விழுது, அச்சு என்று தறிச்சொல் ஒன்றும் விடுபடவில்லை. வரலாற்றைத் திறந்தால் 112-உம் ஒரே மாணவி பெயரில். மற்ற நால்வரைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பிள்ளைதான் குறுக்கே வந்தாள். “ஐயா, தட்டுனது மட்டுந்தான் நான். சொல்லு பூராவும் இவங்க அம்மா சொன்னது.” பக்கத்தில் தலைகுனிந்து நின்ற பையனின் வீட்டில் குழித்தறி. அவன் கைப்பேசியின் திரை பாதி வேலை செய்யாது, அதில் தமிழ் தட்ட முடியாது. தினமும் அம்மா நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொடுத்தபடியே ஒவ்வொன்றாகக் கேட்டு, குரல் பதிவாக அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். வரலாற்றை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டிருந்தால், வகுப்பிலேயே சிறந்த சேகரிப்பாளருக்குச் சுழியம் போட்டிருப்பேன்.

அன்று மாலையே இரண்டு பத்திகள் கூட்டினேன்: ‘சொன்னவர்’, ‘கேட்டவர்’. தட்டச்சு செய்தவர் யார் என்று வரலாறு சொல்லும். மற்ற இரண்டையும் பிள்ளைகள் சொல்ல வேண்டும்.

சில கெட்டிக்காரர்கள் வரலாற்றுக்காகவே வேலை செய்யத் தொடங்கினார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். ஒருவர் நாற்பது கட்டங்களில் ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி வைத்திருந்தார், இரவு பதினொன்றரைக்கு. பெயர் பதிவாகிவிட்டது, உழைப்பு பதிவாகவில்லை. எண்ணிக்கையைப் பார்க்காமல் ஏதாவது ஐந்து கட்டங்களைத் திறந்து உள்ளே என்ன மாறியது என்று பார்ப்பதுதான் இதற்கு வழி.

வைத்துக் காப்பதைப் பற்றிக் கொஞ்சம். இலவசக் கணக்கில் 15 ஜிபி இடம், மின்னஞ்சலும் படங்களும் சேர்த்து. விரிதாளுக்கு அது தாராளம். குரல் பதிவுகளையும் ஏற்றத் தொடங்கினால் பார்த்துச் செலவழிக்க வேண்டும். பழைய பதிப்புகளை இடத்தை மிச்சப்படுத்த கூகுள் சில சமயம் ஒன்றாகச் சேர்த்துவிடும் என்பதால், முக்கியமான நாள்களின் பதிப்புக்கு ‘முதல் சுற்று’, ‘திருத்தம் முடிந்தது’ என்று பெயர் வைத்துவிடுகிறேன். கல்லூரிக் கணக்கில் கோப்பை உருவாக்குவதா, சொந்தக் கணக்கிலா என்பதில் நண்பர்களோடு எனக்கு இன்னும் வழக்கு தீரவில்லை. கணக்கை நிர்வாகம் நீக்கினால் அதிலிருக்கும் கோப்பும் போகும். கல்லூரிக் கணக்கின் கோப்பை வெளியாள் பெயருக்கு மாற்றுவதும் லேசில் நடக்காது. நான் சொந்தக் கணக்கில் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை எக்செல் கோப்பாக இறக்கி, துறை அலுவலகக் கணினியில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றும் போடுகிறேன். கூகுளே எதையும் நிறுத்தாது என்று நினைக்க வேண்டாம். ஜாம்போர்டு என்ற எழுதுபலகையை எத்தனையோ ஆசிரியர்கள் பயன்படுத்தினார்கள். 2024 டிசம்பர் 31-ஓடு அது மூடப்பட்டது. அதில் நான் எதுவும் வைத்திருக்கவில்லை, தப்பித்தேன்.

பள்ளி ஆசிரியர்களுக்கு இது பொருந்துமா என்று கேட்டால் தயக்கத்தோடுதான் பேசுவேன். என் பிள்ளைகள் எல்லோரும் பதினெட்டைத் தாண்டியவர்கள், எல்லோருக்கும் சொந்த மின்னஞ்சல் இருக்கிறது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலையில் ஆளுக்கொரு பெயரில் வரலாறு எங்கே பதிவாகும்? அங்கே வாட்ஸ்அப்பே போதும் என்றுகூடத் தோன்றுகிறது.

குழித்தறிப் பையன் இந்த ஏப்ரலில் படிப்பு முடித்துப் போய்விட்டான். ஷீட்டில் அவனுக்கான அனுமதியை நான் எடுக்கவில்லை. போன வாரம் திறந்தபோது அடியில் இரண்டு புதிய வரிகள் இருந்தன. வரலாற்றில் அவன் பெயர், அவனே தட்டியது. கைப்பேசி மாற்றிவிட்டான் போலிருக்கிறது. ‘சொன்னவர்’ பத்தியில் ‘அம்மா’ என்று மட்டும் போட்டிருந்தான்.