துடைப்பதா, கழுவுவதா, மெழுகில் முக்குவதா?

சைக்கிளிலிருந்து கழற்றிய செயினைக் காதருகே பிடித்து, இரண்டு விரலால் பக்கவாட்டில் மெல்ல வளைத்துப் பாருங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் சத்தமே வராது. மேலே பளபளவென்று துடைத்து வைத்திருந்தாலும் இணைப்புகளுக்குள் மண் புகுந்திருந்தால் நறநறவென்று மெல்லிய சத்தம் கேட்கும், பல்லிடுக்கில் மணல் சிக்கியதுபோல. எந்த எண்ணெய் உசத்தி, எந்தக் கிளீனர் உசத்தி என்று நடக்கும் சண்டையெல்லாம் இந்த நறநறவை எது குறைக்கும் என்பதற்காகத்தான். எல்லா வழியையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப் போகத் தெரிந்துவிடும்.

செயினில் வெளித் தகடு, உள் தகடு, நடுவில் அவற்றை இணைக்கும் பின் என்ற சிறு உலோகத் தண்டு, அந்தப் பின்னைச் சுற்றி உருளும் ரோலர். ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் கண்டுபிடித்த ரோலர் செயினின் இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. உராய்வு நடப்பது பின்னுக்கும் உள் தகட்டுக்கும் இடையே, அப்புறம் ரோலருக்குள்ளே. எண்ணெய் தேவைப்படுவதும் அங்கேதான். தகட்டின் வெளிப்பக்கத்தில் துரு பிடிக்காத அளவுக்கு ஒரு மெல்லிய பூச்சு இருந்தால் போதும். அதற்கு மேல் நிற்கும் எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும் கோந்து. எண்ணெயும் மணலும் கலந்தால் என்ன கிடைக்கும்? உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றப் பட்டறையில் பயன்படுத்தும் பசையேதான்.

‘செயின் நீண்டுவிட்டது’ என்று சொல்கிறோமே, தகடு எங்கும் இழுபடுவதில்லை. ஒவ்வொரு பின்னும் மயிரிழை அளவு தேய்கிறது. கியர் சைக்கிள் செயினில் 110-க்கு மேல் பின்கள் இருப்பதால் அத்தனை மயிரிழையும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணினால் 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவைத்தால் பெரும்பாலும் பின்சக்கரத்துப் பற்களும் சேர்ந்து போயிருக்கும். சுத்தம் செய்கிறோமோ இல்லையோ, இந்த அளவை அவ்வப்போது பார்ப்பது முக்கியம்.

சரி, சுத்தம் செய்வதில் இருக்கும் மூன்று போட்டியாளர்களைப் பார்ப்போம்.

பழந்துணியால் துடைப்பது ஏழை வழி என்று பலர் நினைக்கிறார்கள். கீழே ஓடும் செயினைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கி இருபது முப்பது சுற்று சுற்றினால் வேலை முடிந்தது. இரண்டு நிமிடம். உள்ளே போன மண் இதில் வராது, உண்மைதான். ஆனால் மண் உள்ளே போவதற்கு முன்பே எடுத்துவிடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

செயினோடு மாட்டும் கிளீனர் பெட்டி இரண்டாவது. உள்ளே சுழலும் பிரஷ்கள், கீழே திரவம். பெடலைச் சுற்றினால் பத்தே நொடியில் திரவம் கருப்பாகும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். அந்தக் கருப்புத் தண்ணீரிலேயே மீதி நேரம் செயின் குளிக்கிறது என்பதுதான் இதன் குறை. இரண்டு மூன்று முறை திரவத்தை மாற்றினால் ஒழிய பாதி வேலைதான் நடக்கும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் தெறிக்கும் துளி தட்டில் பட்டால் பிரேக் பேடும் கெட்டுவிடும். எனக்கு இந்தப் பெட்டி மீது பெரிய மரியாதை இல்லை. கழற்றவே முடியாத செயின் என்றால் வைத்துக்கொள்ளலாம்.

கழற்றி ஊறவைப்பது மூன்றாவது. செயினைக் கழற்றி மாட்டுவதற்கென்றே உள்ள தனி இணைப்பான குயிக் லிங்க்கைத் திறந்து, செயினை அகலவாய்ப் புட்டியில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, மூடிக் குலுக்குவது. முதல் சுற்றில் மை போல வரும், இரண்டாவதில் டீத்தண்ணீர் நிறம், மூன்றாவதில் கொஞ்சம் மங்கல். உள்ளே இருக்கும் மண்ணை உண்மையிலேயே வெளியே கொண்டுவருவது இது ஒன்றுதான். ஆனால் மண்ணோடு உள்ளே இருந்த நல்ல எண்ணெயும் கழுவிப் போய்விடுகிறது. பின்னுக்குள் தங்கிய மண்ணெண்ணெய் புதிதாக விடும் எண்ணெயையும் நீர்க்கச் செய்துவிடும். முதல் தடவை நான் இப்படிக் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் விட்டு ஓட்டினேன். மூன்றே நாளில் செயின் கிறீச்சிட்டது. அன்றிலிருந்து கழுவிய செயினை ஓர் இரவு முழுக்கத் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகுதான் எண்ணெய் புட்டியைத் தொடுகிறேன்.

மண்ணெண்ணெய்க்குப் பதிலாக பெட்ரோலா? வேண்டவே வேண்டாம். அறை வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவி அது. சோப்புத் தண்ணீர் புதுப் பிசுக்குக்குப் போதும், பழைய கருப்புக்குப் போதாது. போட்டால் நன்றாக உலர்த்திவிட வேண்டும். துரு நீக்கும் அமிலத் திரவங்களைச் செயின் பக்கமே கொண்டு போகாதீர்கள். கடினமாக்கிய எஃகு அமிலம் பட்டால் நொறுங்கும் தன்மை பெறலாம். துரு போய்விட்டது என்று சந்தோஷப்பட்டு நின்று மிதிக்கும்போது தகடு உடையும். இன்னொன்று: குயிக் லிங்க் இல்லாத செயினில் ஒவ்வொரு முறையும் பின்னைத் தட்டிக் கழற்றி மாட்டினால் அந்த இணைப்பு பலவீனமாகும். பின்சக்கரத்தில் 11, 12 கியர் உள்ள சைக்கிள் செயின்களின் குயிக் லிங்க்கையே ஒருமுறைதான் பயன்படுத்தச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. வாராவாரம் கழற்றிக் கழுவும் ஆர்வம் செலவில்தான் போய் நிற்கும்.

இனி எண்ணெய்கள். வீட்டில் கைக்கு எட்டுவதை முதலில் முடித்துவிடலாம். சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசின் மாதிரி இறுகும். டபிள்யூடி-40, 1953-இல் நீரை விரட்டுவதற்காக உருவான கலவை. நனைந்த செயினுக்கு முதலுதவி, நாள்பட ஓட்டுவதற்கான மசகு இல்லை. கிரீஸ் ரோலருக்குள் நுழையாது, வெளியே அப்பிக்கொண்டு ரோட்டுத் தூசியை எல்லாம் சேர்க்கும். தையல் மெஷின் எண்ணெய் அழகாக உள்ளே போகும், அதே வேகத்தில் போயும்விடும். அடிக்கடி விடத் தயார் என்றால் குறையே சொல்ல முடியாது. எஞ்சின் ஆயிலுக்கு ஒரே ஓர் இடத்தில் என் ஓட்டு உண்டு: செயினை முழுக்க மூடும் கவர் உள்ள பழைய பாணி சைக்கிள். தூசி புகாத இடத்தில் கெட்டி எண்ணெய் மாதக்கணக்கில் தாங்கும். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில் மட்டும் கூடாது. அதில் உலோகத் துகள் இருக்கும், தோலுக்கும் கெடுதல்.

சைக்கிளுக்கென்றே விற்கும் செயின் மசகுகளான டிரை லூப் (உலர் மசகு), வெட் லூப் (ஈர மசகு) இரண்டில் பெயரை வைத்து ஏமாற வேண்டாம். இரண்டுமே புட்டியில் திரவம்தான். டிரை லூப்பில் கரைப்பான் ஆவியாகிப் போய் மெழுகு மாதிரி ஒரு படலம் மிஞ்சும். அது காய சில மணி நேரம் ஆகும். விட்டவுடன் ஓட்டினால் பாதி சக்கரத்தின் ரிம்மில் தெறித்திருக்கும். அப்புறம் ‘இந்த லூப் நிற்கவே இல்லை’ என்று புலம்புவோம். வெட் லூப் மழையில் நிற்கும், தூசியில் கருப்பாகும், கெண்டைக்காலில் பல் பல்லாக முத்திரை குத்தும்.

சுடுமெழுகுதான் இந்தப் போட்டியில் நட்சத்திரம். பாரஃபின் மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் நீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்கி, அதில் செயினை முக்குவது. புதுச் செயினில் தொழிற்சாலையில் பூசிய பசைக் கிரீஸ் துளி இருந்தாலும் மெழுகு ஒட்டாது. மண்ணெண்ணெயில் பலமுறை கழுவி, அது விட்டுப்போன எண்ணெய்ப் படலத்தை ஸ்பிரிட்டில் அலசி எடுக்க வேண்டும். செயினை முக்கியதும் பின்களின் இடுக்குகளிலிருந்து காற்றுக் குமிழ்கள் கிளம்பும். குமிழ் நிற்கும் வரை கம்பியால் ஆட்டிக்கொண்டே இருங்கள். குமிழ் நின்றால் மெழுகு உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்துத் தொங்கவிட்டு ஆறினால் செயின் கம்பு மாதிரி விறைத்து நிற்கும். ஒரு குழாயின் மேல் வைத்து இழுத்தால் கடக் கடக்கென்று ஒவ்வொரு இணைப்பாக இளகும், மெழுகுச் சில்லுகள் உதிரும். அடுத்த நாள் ஓட்டிவிட்டு வந்து செயினைத் தொட்டால் விரலில் கறையே இருக்காது. முதல்முறை நான் மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன்.

காய்ந்த சாலையில் 200, 300 கிலோமீட்டர் இது தாங்கும். அடுத்த சுற்றுக்கு மண்ணெண்ணெய்கூட வேண்டாம், கொதிநீரே பழைய மெழுகைக் கழற்றிவிடும். ஆனால் ஒரு நல்ல மழை போதும். நனைந்த செயினை அப்படியே இரண்டு நாள் விட்டுவிட்டேன், மூன்றாம் நாள் ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்தது. மழையில் ஓட்டுபவருக்கு மெழுகைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. காய்ந்த தூசியில் தினமும் ஓட்டி, மாதம் ஒரு சாயங்காலத்தை இதற்கு ஒதுக்கத் தயாராக இருப்பவருக்கு இதைவிட நல்லது கிடையாது.

வேகம் கூடும் என்று நினைத்து விலை உயர்ந்த புட்டிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 1999-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு சைக்கிள் செயினின் திறனை, அதாவது மிதிக்கும் சக்தியில் எவ்வளவு பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதை, அளந்தபோது அதிகபட்சமாக 98.6 சதவீதம் வந்தது. ஆய்வகத்தின் சுத்தமான சூழலில், மசகை மாற்றியதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வகத்தில் ரோட்டு மண் கிடையாது. நம் கவலை மண்.

ஆகவே என் பழக்கம் இது: ஓட்டிவிட்டு வந்ததும் துணியால் ஒரு துடைப்பு. வறண்ட காலத்தில் டிரை லூப், மழைக்காலத்தில் வெட் லூப். ராத்திரியில் உட்கார்ந்து ஒரு ரோலருக்கு ஒரே ஒரு சொட்டு, குயிக் லிங்க்கில் ஆரம்பித்து அதிலேயே முடிப்பேன், எதுவும் விட்டுப்போகாது. காலையில் வெளியே இருக்கும் எண்ணெயைக் கைக்கு ஒட்டாத அளவுக்குத் துடைத்துவிடுவேன். இந்தக் காலைத் துடைப்பைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கழற்றிக் கழுவுவது காதருகே நறநற கேட்கும்போது மட்டும்.

கழுவிய மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். புட்டியை மூடி, அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். கசடு அடியில் படியும், மேலே தெளிந்ததை வேறு புட்டியில் வடித்தால் அடுத்த கழுவலின் முதல் சுற்றுக்கு ஆகும்.