ஜாவா பழகுபவருக்கு எது உதவி, எது உபத்திரவம்: நீண்ட நாள் அனுபவம்

ஜாவா என்ற புரோகிராமிங் மொழியில் ஆரம்பநிலைச் சந்தேகம் எதுவானாலும், முதலில் கேட்க வேண்டிய ஆள் ஜாவாவேதான், அதாவது அது காட்டும் பிழைச்செய்திதான். இதைச் சொன்னால் பிள்ளைகள் முறைக்கிறார்கள். திரையில் நாலு வரி பிழை வந்ததும், படிக்காமலேயே போனில் சாய்வாக ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதுதான் இப்போதைய வழக்கம். அப்படி எனக்கு வரும் படங்களில் பெரும்பாலும் பதில் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும்.

"கேனாட் ஃபைண்ட் சிம்பல்" என்று வந்தால் அதற்குக் கீழேயே எந்தப் பெயரைத் தேடியது, எந்த கிளாஸுக்குள் (கோடின் ஒரு தொகுதிக்குள்) தேடியது என்று இரண்டு வரி இருக்கும். பெரும்பாலும் சின்ன எழுத்தில் அறிவித்ததைப் பெரிய எழுத்தில் கூப்பிட்டிருப்பார்கள். "ரீச்டு எண்ட் ஆஃப் ஃபைல்" என்று வந்தால் மூடும் அடைப்பு ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அது காட்டும் வரி ஃபைலின் கடைசி வரி, அங்கே உட்கார்ந்து தேடிப் பயனில்லை. இருபது பிழை வந்தால் முதலாவதை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்ய (கோடை ஓடும் வடிவத்துக்கு மாற்ற) வேண்டும். மீதியில் பாதி தானாகக் காணாமல் போய்விடும். இந்த மூன்றையும் சொல்லிக்கொடுத்த பிறகு எனக்கு வரும் போன் கணிசமாகக் குறைந்தது.

வருடக்கணக்கில் இதோடு புழங்கியதில் எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி தந்த மாற்றம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நல் பாயிண்டர் எக்செப்ஷனுக்கு வந்த புதுப் பேச்சைத்தான் சொல்வேன். மாறி என்பது மதிப்பை வைத்துக்கொள்ள நாம் வைக்கும் பெயர்; அது எந்தப் பொருளையும் காட்டாமல் இருந்தால் 'நல்' (null). அதை வைத்து வேலை வாங்கப் பார்த்தால் வரும் பிழை இது. முன்பெல்லாம் அது பிழையின் பெயரையும் வரி எண்ணையும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த வரியில் புள்ளி வைத்து மூன்று மெத்தடுகளை (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் கோடுகளை) கோத்து எழுதியிருந்தால், எது 'நல்' என்று நாம்தான் ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வந்த ஜாவா 14 இதை மாற்றியது. அதில் ஒரு ஆப்ஷன் கொடுத்தால்தான் வேலை செய்யும். அடுத்த பதிப்பான 15-இல் தானாகவே வந்துவிட்டது. இப்போது, "இந்த மெத்தடைக் கூப்பிட முடியவில்லை, ஏனென்றால் இன்ன மாறி 'நல்' ஆக இருக்கிறது" என்று முழு வாக்கியமாகவே சொல்லுகிறது. இதே வசதி எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் சொந்த ஜே.வி.எம்.மில் (ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருளில்) 2006-லிருந்தே இருந்திருக்கிறது என்பது கொஞ்சம் வயிற்றெரிச்சல். ஆனாலும் வந்ததே, அது போதும்.

இதிலும் ஒரு சின்னக் குசும்பு உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டில் வெறுமனே கம்பைல் செய்தால் மாறியின் பெயருக்குப் பதிலாக "லோக்கல்1" என்று காட்டும். புதிதாகப் படிப்பவர், 'நான் அப்படி ஒரு பெயரே வைக்கவில்லையே' என்று மிரண்டுபோவார். கம்பைல் கட்டளையில் மைனஸ் ஜி (-g) சேர்த்துவிட்டால் உண்மைப் பெயர் வந்துவிடும். எக்லிப்ஸ், இன்டெல்லிஜே போன்ற கோடு எழுதும் மென்பொருள்களில் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை தாமாகவே அதைச் சேர்த்துக்கொள்கின்றன.

சரி, நல்லதைச் சொல்லியாயிற்று. இனி கோபத்துக்கு வருகிறேன்.

பிழை சொல்லும் ஜாவாவால் யாரும் கெட்டுப்போவதில்லை. பிழையே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு தப்பாக ஓடும் ஜாவாதான் புதிதாகப் படிப்பவர்களை அழவைக்கிறது. அந்த வகையில் முதல் குற்றவாளி, கீபோர்டில் அடிப்பதைப் படித்துத் தரும் ஸ்கேனர் என்ற கிளாஸ். 2004-இல் ஜாவா 5-ஓடு வந்தது. அதற்கு முன்பு கீபோர்டிலிருந்து ஒரு எண்ணை வாங்கவே பஃபர்டு ரீடர், இன்புட் ஸ்ட்ரீம் ரீடர் என்று பெரிய சடங்கு நடத்த வேண்டியிருந்தது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் ஸ்கேனர் வரப்பிரசாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புது பேட்ச் பிள்ளைகள் வரிசையாக வந்து அதில் விழுகிறார்கள்.

அக்கா மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. மாணவர் விவரம் வாங்கி அச்சிடும் புரோகிராம், லேப் ரெக்கார்டின் முதல் சில பக்கங்களிலேயே வருவது. ராத்திரி போன்: "மாமா, வயசு கேக்குது, குடுக்கறேன். பேரே கேக்காம அட்ரஸுக்குப் போயிடுது. எர்ரரும் வரல." வீடியோ காலில் காட்டச் சொன்னேன். வயது 21 என்று அடித்து என்டர் தட்டினான். அடுத்த வரியில் "பெயர்: முகவரி:" என்று இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்து நின்றன.

நடப்பது இதுதான். 21 அடித்து என்டர் தட்டினால் உள்ளே போவது மூன்று விஷயங்கள்: 2, 1, அப்புறம் அந்த என்டர். ஸ்கேனரில் எண் வாங்கும் மெத்தடான நெக்ஸ்ட்இன்ட், எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு என்டரை அங்கேயே விட்டுவிடுகிறது. அடுத்து வரும் நெக்ஸ்ட்லைனின் வேலை, அந்த வரி முடியும்வரை இருப்பதைப் படிப்பது. அது பார்க்கும் முதல் எழுத்தே என்டர். வரி முடிந்தது என்று காலியான சரத்தை (எழுத்துத் தொடரை) கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. பந்தியில் சாப்பிட்டவர் இலையை எடுக்காமல் எழுந்துபோக, அடுத்து உட்கார வந்தவர் அந்த எச்சில் இலையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே கை கழுவப் போவது மாதிரி. பெயர் என்ற மாறிக்குள் ஒன்றுமில்லை, ஆனால் அது 'நல்' என்பதும் இல்லை. அதனால் மேலே நான் புகழ்ந்த அந்த முழு வாக்கியப் பிழைச்செய்திக்கு இங்கே வாய் திறக்க வாய்ப்பே இல்லை.

அதிகாரபூர்வ ஆவணத்தில் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நெக்ஸ்ட்லைன், நடப்பு வரியைத் தாண்டிச் சென்று, தாண்டியதைத் திருப்பித் தரும் என்று எழுதியிருக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து உண்மை. ஏற்கெனவே விஷயம் தெரிந்தவருக்கு மட்டும் புரிகிற உண்மை.

தீர்வு இரண்டு உண்டு. நெக்ஸ்ட்இன்ட்டுக்குப் பிறகு சும்மா ஒரு நெக்ஸ்ட்லைன் போட்டு மிச்ச என்டரைத் துடைத்துவிடலாம். அல்லது எல்லாவற்றையும் நெக்ஸ்ட்லைனிலேயே வாங்கி, எண் வேண்டிய இடத்தில் இன்டீஜர் பார்ஸ்இன்ட்டால் மாற்றிக்கொள்ளலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்லித்தருவேன். காரணம் உண்டு. 21-க்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்துவிட்டால் பார்ஸ்இன்ட் சண்டைக்கு வரும். வந்தாலும் தனக்குக் கிடைத்ததை மேற்கோள் குறிக்குள் போட்டுக் காட்டிவிடும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும். ஓரத்து இடைவெளியை வெட்டும் டிரிம் போட்டால் தீர்ந்தது. நமக்கு வேண்டியது இப்படிச் சண்டை போடுகிற ஜாவாதான்.

முதல் தீர்வு கல்லூரிகளில் என்ன ஆகிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். சீனியரின் ரெக்கார்டில் நடுவில் அந்தச் சும்மா நெக்ஸ்ட்லைன் இருக்கும், எதற்கு என்று ஒரு குறிப்பும் இருக்காது. ஜூனியர் அப்படியே எழுதிக்கொள்வான். அவனுக்கு அடுத்தவள் கொஞ்சம் யோசிக்கிற பிள்ளை. எந்த மாறியிலும் போட்டுவைக்காத இந்த வரி எதற்கு என்று நீக்கிவிடுவாள். புரோகிராம் உடையும். யோசித்த பிள்ளைக்குத்தான் தண்டனை.

இதற்கே இப்படி என்றால், எண் கேட்கும் இடத்தில் எழுத்தை அடித்துப் பாருங்கள். நெக்ஸ்ட்இன்ட், இன்புட் மிஸ்மேட்ச் எக்செப்ஷன் எறியும், நியாயம். ஆனால் அந்தத் தப்பான உள்ளீட்டை எடுக்காமல் அங்கேயே விட்டுவிடும். வைல் லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்), பிழையைப் பிடிக்கும் டிரை கேட்ச் போட்டு "மறுபடி உள்ளிடுக" என்று எழுதியிருந்தால், மறுபடி கேட்காது; அதே எழுத்தை மீண்டும் மீண்டும் படித்து, "மறுபடி உள்ளிடுக" என்று திரை முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும். லேபில் இது நடந்தால் பக்கத்து சிஸ்டத்துப் பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள்.

வாய் திறக்காத இன்னொன்று, சரங்களை == போட்டு ஒப்பிடுவது. அது எழுத்துகளைப் பார்க்காது, இரண்டும் ஒரே பொருளா என்றுதான் பார்க்கும். கோடிலேயே எழுதிய இரண்டு ஒரே சரங்கள் என்றால் சரி என்று சொல்லும், ஏனென்றால் ஜாவா அவற்றை ஒரே இடத்தில் வைத்துக்கொள்கிறது. கீபோர்டில் வாங்கிய சரம் என்றால் அதே எழுத்துகள் இருந்தும் தவறு என்று சொல்லும். எழுத்துகளை ஒப்பிட ஈக்வல்ஸ் போட வேண்டும். எண்ணைப் பெட்டி மாதிரிப் பொதிந்து வைக்கும் இன்டீஜரில் இன்னும் அநியாயம்: 127-ஐ இரண்டு பெட்டிகளில் போட்டு == வைத்தால் சரி, 128-ஐப் போட்டால் தவறு. மைனஸ் 128 முதல் 127 வரைக்குமான பெட்டிகளை ஜாவா முன்கூட்டியே செய்து வைத்து, அவற்றையே திரும்பத் தருவதால் வரும் வினை. ஆனால் இதற்காவது இன்டெல்லிஜே மாதிரிக் கருவிகள் எச்சரிக்கை காட்டுகின்றன. ஸ்கேனர் பள்ளத்துக்கு அப்படி எச்சரிக்கை வந்து நான் பார்த்ததில்லை.

மனிதர்களிடமும் மென்பொருள் பேச்சுத்துணைகளிடமும் கேட்பது பற்றியும் சொல்ல வேண்டும். அலுவலக நண்பர் ஒருவர், மகளுக்கு ஜாவா பேப்பர் வருகிறது, சாட்பாட்டிடம் கேட்டுக்கொண்டால் போதாதா என்று விசாரித்தார். அதனால்தான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன். போதும், ஆனால் கேட்கிற விதம் இருக்கிறது. "இந்த புரோகிராம் வேலை செய்யவில்லை" என்று ஒட்டினால், மொத்தத்தையும் மாற்றி எழுதிக் கையில் கொடுத்துவிடும். அதில் ஸ்ட்ரீம், ரெக்கார்டு, வார் என்று இரண்டாம் ஆண்டு சிலபஸில் இல்லாத ஜாவா வசதிகள் வந்து உட்கார்ந்திருக்கும். அக்கா மகன் படிக்கும் கல்லூரி லேபில் ஜாவா பதிப்பு என்ன என்று அடித்தால் 1.8 என்று வருகிறது, அதாவது 2014-இல் வந்த எட்டு. எட்டுக்குப் பிறகு வந்த ரெக்கார்டும் வாரும் வீட்டில் ஓடினாலும் அங்கே ஓடாது. நான் மேலே புகழ்ந்த நல் பாயிண்டர் வாக்கியமும் அங்கே கிடையாது. உதவி வந்து சேர்ந்து வருடங்கள் ஆகியும், அது மிகவும் தேவைப்படும் பிள்ளைகளின் திரைக்கு இன்னும் வரவில்லை. கேட்டால், தேர்வுக்கு இதுதான் செட் பண்ணியிருக்கிறோம் என்று பதில் வந்ததாம்.

சாட்பாட்டிடம் நான் கேட்கச் சொல்வது இப்படி: "நான் ஜாவா 8 பயன்படுத்துகிறேன். கோடு எழுதித் தராதே. எந்த வரி, ஏன் என்று மட்டும் சொல்." வித்தியாசம் உடனே தெரியும். இன்னொன்று, பைத்தான் டியூட்டர் என்று ஒரு இலவசக் கருவி. பெயர் அப்படியே தவிர, ஜாவாவும் அதில் ஓடும். வரி வரியாக நகர்த்தினால் எந்த மாறி எந்தப் பொருளைக் காட்டுகிறது என்று பெட்டியும் அம்புக்குறியுமாக வரைந்து காட்டும். அந்த == விவகாரத்தை வாயால் விளக்கித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்; அம்புக்குறி இரண்டு வேறு பெட்டிகளுக்குப் போவதைப் பார்த்ததும் பையன் "ஓ" என்றான்.

நியாயமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-இல் இதற்கெல்லாம் ஒரு வழி செய்திருக்கிறார்கள். பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்டு என்ற மந்திரம் இல்லாமல், கிளாஸ் என்று ஒன்று எழுதாமலேயே, புரோகிராம் தொடங்கும் இடமான மெயின் என்ற மெத்தடை மட்டும் எழுதி ஓட்டலாம். ஐஓ என்று ஒரு கிளாஸ் வந்திருக்கிறது. அதில் ரீட்லைன் வேலைக்கு ஒரு மெத்தடு, கேள்வியை அதற்குள்ளேயே கொடுத்தால் கேட்டு, முழு வரியையும் வாங்கித் தந்துவிடும். மிச்ச என்டர் என்ற பேச்சே இல்லை. எண் வேண்டுமானால் பார்ஸ்இன்ட். ஆக, நான் இத்தனை நாள் போனில் கத்திக்கொண்டிருந்த அதே வழியைத்தான் கடைசியில் அவர்களும் பிடித்திருக்கிறார்கள். ஸ்கேனர் வந்து 21 வருடம் கழித்து.

இப்போது தீர்ப்பு. பேசும்போது ஜாவா அளவுக்குத் தெளிவாகப் பிழை சொல்லும் மொழிகள் நான் புழங்கியதில் குறைவு. அதற்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஆனாலும் சிலபஸ் கட்டாயம் இல்லாமல், ஆசைக்காகப் புரோகிராமிங் தொடங்க நினைப்பவரிடம் ஜாவாவில் தொடங்கு என்று இன்றைக்கு நான் சொல்ல மாட்டேன். நேற்று ராத்திரி அக்கா மகனின் ரூம்மேட்டிடமிருந்து போன், அதே பெயர், அதே முகவரி. அடுத்த வாரம் கேட்டால் வேறு மாதிரி சொன்னாலும் சொல்வேன். கட்டாயம் இருப்பவர்கள் வீட்டு லேப்டாப்பில் 25 போட்டுப் பழகுங்கள், லேப் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு மட்டும் எட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். நெக்ஸ்ட்இன்ட்டை இரண்டிலும் தொட வேண்டாம்.